கடை முடிச்சு

மகளுக்கு,

உன் கல்யாணத்தன்றுகூடக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இப்போது ஆஸ்பத்திரிப் பை மட்டும் எதற்கு அனுப்புகிறாள் என்று கேட்பாய். முப்பது வருடமாகத் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக அனுப்புகிறவள் நான். என்னைவிட யார் ஒழுங்காகக் கட்டிவிடப்போகிறார்கள்?

முதலில் பழக்கதோஷத்தில், மூட்டைக்குப் போடுகிற கடை முடிச்சையே போட்டு இறுக்கிவிட்டேன். கடையில் விற்பனை பார்க்கிற பெண் பார்த்துவிட்டு, "வலியில துடிக்கிறவ இத எப்பக்கா அவிழ்க்கிறது? பிள்ளைக்குப் பல்லு முளைச்சு அது கடிச்சாத்தான் உண்டு" என்றாள். மறுபடி கட்டியிருக்கிறேன். ஒரு கையால் இழுத்தாலே திறந்துகொள்ளும்.

முதலில் வேண்டியது மேலே இருக்கிறது: முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு, துண்டு, காலுறை. அதன் கீழே குழந்தைக்கு ஆறு சட்டை. புதுத்துணியின் கஞ்சி உறுத்தும் என்று மூன்று தடவை அலசிவிட்டேன்.

அடியில் பெரிய அளவில் ஓர் உடுப்பு இருக்கும். அது என்னுடையது. துணைக்கு ஓர் ஆள் தங்கலாமாம், விசாரித்தேன். வேண்டாமென்றால் அதை மட்டும் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அந்த உடுப்பு திரும்பி வராவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

அம்மா