கழுத்துக்கு எட்டாத கயிறு

மாமாவுக்கு,

நர்ஸ் சாவித்ரி அக்காவுடன் ரத்தம் சோதிக்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன.

என் சோம்பலைப் பேய் என்று நினைத்து நேற்று நீங்கள் கூட்டி வந்த கோடாங்கி மூன்று மணி நேரம் உடுக்கை அடித்தார். நான் ஆடாமல் தூங்கிப்போனேன். நீங்கள் கோபமாக எழுந்து போய்விட்டீர்கள். அவர் கோபப்படவில்லை. "இம்புட்டுச் சோம்பேறிப் பேயை நான் கண்டதே இல்ல தாயீ" என்று சிரித்தார். பிறகு மந்திரித்த கயிற்றைக் கட்டப் பார்த்தால், அது என் கழுத்தைச் சுற்ற எட்டவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "இது பேயில்ல, வீக்கம். ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

தைராய்டாக இருக்கும் என்கிறார் அக்கா. சித்திரை வெயிலில் நான் கம்பளி போர்த்துவதும் அதனால்தானாம். இரண்டு வருஷமாக டானிக் கொடுத்தவர்கள் யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. திருப்பரங்குன்றத்து முருகன் யார் கையில் வருவான் என்று நமக்கா தெரியும்?

கோடாங்கி உடுக்கையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எடுக்க வந்தால் மோர் கொடுங்கள். பேயை ஓட்டவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

முத்துத்தாய்

பேய்தான் என்று அடித்துச் சொல்லும் உங்கள் அக்காவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். ரத்தம் சொல்லட்டும்.

சாயங்காலம் நான் வந்ததும் நீங்களும் ஒரு தடவை என் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.