தொண்டை காயும் பெட்டி

அப்பா பெட்டியின் தண்ணீர்த் தொட்டி ஒழுகவில்லை, தங்கம். நீ சொன்னபடி அடியில் செய்தித்தாள் விரித்து இரண்டு நாள் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, நலம் விசாரிப்பதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எனக்கும் குறைவில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் போயிற்றா? ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலை முழுக்கச் சாத்தித் தூங்காதே, ஒரு விரல் அளவாவது திறந்திருக்கட்டும். உன் அத்தை பேசினாள். அப்பாவின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடு, வீடு கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றாள். சரி என்றேன். கொடுக்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். அதனால் கடிதம். அப்பாவின் சுருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஈரம் உன் கம்ப்யூட்டரில் கோடாகத் தெரிகிறதே, அது தினமும் மத்தியானம் சரிந்து பிறகு செங்குத்தாக ஏறுகிறது, ரம்பப் பல் மாதிரி இருக்கிறது என்றாய். தொட்டியில் ஓட்டை, இல்லாவிட்டால் அம்மாவுக்கு மறதி. நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இரண்டும் இல்லை. தண்ணீரை நான்தான் எடுக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கிண்ணத்தால் மொண்டு மொண்டு வாஷ்பேசினில் ஊற்றுகிறேன். பிறகு முக்காலியைப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்கிறேன்.

அந்தப் பெட்டியை நான் எப்போதும் திட்டிக்கொண்டே இருந்தேன், ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் நான்தான். எங்கள் மருந்துக்கடையில் கழித்துப்போட்ட சின்ன ஃபிரிட்ஜ். புகைப்பதை விட்டாயிற்று, இருக்கிற சுருட்டுகளைக் கெடாமல் வைக்க மட்டும்தான் என்றார் உன் அப்பா. "பிடிக்கறதுக்கு இல்லடி, பத்திரப்படுத்த." நம்புவதுபோல் இருந்தேன். நீ அங்கிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல அவர் இங்கே கம்பிகளைப் பற்றவைத்துப் பெட்டியைச் செய்தார். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய காற்றாடி. இருபது டிகிரியைத் தாண்டினால் ஃபிரிட்ஜை ஓடவிட்டு, இறங்கினால் நிறுத்தும் சுவிட்ச். பிளாஸ்டிக் தொட்டியில் நான் கடையிலிருந்து கொண்டுவந்த சுத்தத் தண்ணீர், அதில் பாதி மூழ்கிய ஸ்பாஞ்சு. ஈரம் அளக்கும் சின்னக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பாட்டில் மூடியில் நனைத்த உப்பை வைத்து, கருவியோடு ஒரு டப்பாவில் ஒருநாள் மூடி வைக்கச் சொன்னாய். எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும், எழுபத்தொன்றுதான் காட்டியது. உப்பு தப்பா இருக்கும் என்றார் அவர். "உப்பு பொய் சொல்லாதுப்பா, அந்த வீட்டுல பொய் சொல்றது ஒருத்தர்தான்" என்று நீ சொன்னதும், நான் அடுப்படியில் கரண்டியோடு நின்று சிரித்ததும் நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் தொட்டியில் ஒரு மிதவை போட்டு, தண்ணீர் கோட்டுக்குக் கீழே குறைந்தால் கூப்பிட ஒரு சத்தம் வேண்டும் என்றாய். மணிச்சத்தம் எல்லாம் வேண்டாம், நானே சொல்கிறேன் என்று ஏழு தடவை பேசிப் பேசிப் பதிவு செய்தார். "தொண்டை காயுது. கொஞ்சம் தண்ணி குடேன்."

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அப்பா தூக்கத்தில் போய்விட்டார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம் அவர் தண்ணீர் கேட்டார். இதே வார்த்தைகள். பெட்டியின் நினைப்பில் கேலியாகக் கேட்டாரா, நாக்கு தானாக அங்கே போனதா, தெரியவில்லை. உதடு வெடித்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் பலகை தொங்கியது. வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. காலையில டாக்டர் வந்தாரு, ரெண்டு மடக்கு குடிக்கலாம்னாரு, நீ அப்பதான் பல் தேய்க்கப் போயிருந்த என்றார். நான் பலகையைக் காட்டினேன். முப்பத்தொரு வருஷம் சீட்டில் எழுதியதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வாயால் சொன்னதற்கு ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. அவர் சிரிக்கப் பார்த்தார். "என்னையக் கட்டிக்கிட்டியா, பலகையக் கட்டிக்கிட்டியா?" நானும் விடவில்லை. பலகை இதுவரைக்கும் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல என்றேன்.

ஒரே ஒரு சுருட்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வந்து, ஊதிக்காட்டவா என்று கேட்டவர். அந்த முகத்தைத்தான் அன்றைக்கும் பார்த்தேன். வேறு முகம் இருந்திருக்கும். பார்க்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், பத்தடி தூரம். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தூங்கினார். விடிந்தபோது இல்லை. படுக்கையைச் சுருட்ட வந்த பெண் பலகையைக் கழற்றிக்கொண்டே, இதை நேத்துக் காலையிலயே எடுக்கச் சொல்லியாச்சே, இன்னும் தொங்குதா என்று தனக்குத்தானே சொன்னாள். அவளுக்கு நான் அங்கே நிற்பது தெரியாது. குடித்திருந்தாலும் அந்த உயிர் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் இரண்டு மடக்கு, தங்கம். நான் மேஜையில் வைத்திருந்த பாட்டில் நிறைய இருந்தது.

வீடு திரும்பிப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். பெட்டியை நான் மறந்தே போயிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டார். எழுந்து ஓடினேன். ஓடி, எதையும் யோசிக்காமல், செம்போடு கவிழ்த்தேன், காற்றாடியெல்லாம் நனைந்தது. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் மிதவை எழும்பி, குரல் நடுவில் நின்றது. தொண்டை கா. அவ்வளவுதான். அன்றைக்கு முதல்முறையாகச் சோறு இறங்கியது. மறுநாள் நானே தண்ணீரை எடுத்தேன். அதற்கு மறுநாளும். கேட்டதும் கொடுத்துவிடுவேன், ஒரு தடவைக்கு மேல் கேட்கவிட மாட்டேன். போன வாரம் ஒருநாள் மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கும் அல்லவா, நாலு தடவை கேட்டார். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இப்போதும் புரியவில்லை. இன்னும் நாலு தடவை அவர் கேட்டால் என்ன என்று இருந்தது. பிறகு எழுந்து ஊற்றினேன்.

நீ அனுப்பிய ரேடியோ ரிப்பேர்க்காரர் சனிக்கிழமை வந்திருந்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குரல் வந்தது. முதலில் சிரித்தார், ஆளு போயும் வாய் போகல என்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை ரொம்ப நேரம் துடைத்தார். எதுக்கு அண்ணி இந்த வதை, பீப்புனு ஒரு சத்தம் போதாதா என்றார். உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறார், நீயும் ஞாயிற்றுக்கிழமை போனில், அங்கிருந்தே குரலை மாற்றிவிடுகிறேன் என்றாய். ஒரு கடிதம் வரும், அதுவரை பொறு என்றேன். தெரியாமல் மாற்றாதே, தெரிந்து மாற்று. நான் நிறுத்தச் சொல்லவில்லை. நாற்பது சுருட்டில் பதினொன்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. அன்றைக்குக் கொடுக்காதது ஒரு கெடுதல், இப்போது கொடுத்துக் கொடுத்துக் கெடுக்கிறேன். குரலை எடுத்து உன்னிடம் வைத்துக்கொள். நான் கேட்டாலும் அனுப்பாதே, அழுதாலும். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அதை அடக்கிக்கொண்டு போன் செய்யாதே, கோபத்தோடேயே செய். இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அவர் பதிவு செய்த அன்று அது வெறும் கேலி.

நோய் நொடி அண்டாமல், ராத்திரி தலையணையில் தலை வைத்ததும் தூக்கம் வருகிறவளாக நீ இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குக் கிளம்பாதே. பல் வலிக்கு மாத்திரை போட்டு நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டு, இந்த வாரமே.

உன்
அம்மா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு எழுந்து போய், இன்றைக்குத் தண்ணீரை எடுக்காமல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை.