பெர்மிட் கிடைத்தது, சப்போட்டாக் கிளை போனது

அன்பு மகள் கெரிஷாவுக்கு,

டார்ப்பம் பேயிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் வீட்டுக்காரனும் போன வாரம் குட்டி போட்ட ஆடும் சுகமாக இருக்கிறோம். கிங்ஸ்டனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, படிப்பு படிப்பு என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். பாஸ்டர் மகள் அங்கே வருகிறாள், அவள் கையில் கொய்யா ஜாமும் காய்ந்த மிளகாயும் கொடுத்துவிட்டிருக்கிறேன், ஜாமை விடுதிப் பெண்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு நீ வெறும் ரொட்டியைத் தின்னாதே. வெர்லீன் சித்தி புதுப் பல் கட்டியிருக்கிறாள், அதிலிருந்து சபையில் பாட்டு முடிந்த பிறகும் வாயை மூடுவதில்லை. சரி, போனில் சொல்லலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் புருஷன் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் ஏதாவது உளறிவிடுவேனோ என்று. என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான், உன்னிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று. கடிதத்தில் சொல்லக்கூடாது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சத்தியம் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் பதறாமல் உட்கார்ந்து படி.

நீ போன கொஞ்ச நாளிலேயே உன் வில்னேர் இங்கே தங்கி வேலை செய்கிற பெர்மிட் முடிகிற தேதி வந்துவிட்டது. போன தடவை மாதிரி சும்மா முத்திரை குத்திக் கொடுப்பார்கள் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போட் ஏறித் தலைநகர் நசாவில் இருக்கிற குடியேற்ற ஆபீசுக்குப் போனான். ஜன்னலில் இருந்த பெண் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் மனைவி எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஜமைக்காவில் நர்ஸ் படிப்பு, சிறுநீரகத்துக்கென்று தனிப் படிப்பு, அரசாங்கமே அனுப்பியிருக்கிறது என்று இவன் சொல்ல, அவள், மனைவி இந்த நாட்டுக்காரி என்பதால்தானே உனக்கு இந்தப் பெர்மிட், அந்த மனைவி இங்கே உன்னோடு இல்லையே, அவளைக் கூட்டிக்கொண்டு வா, இரண்டு பேரும் நேரில் நின்றால்தான் ஆகும் என்றாளாம். எந்தத் தேதியில் வரவேண்டும் என்று கேட்டதற்கு, வந்து காத்திருங்கள், கூப்பிடும்போது கூப்பிடுவோம், சில பேருக்கு வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். பாவம், அவளும் என்ன செய்வாள், அந்த ஹாலில் உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிற கூட்டத்தை நானே பிறகு கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்தவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேகவைத்த மீனை வைத்தால் இரண்டாவது தடவை கேட்காமல் எழுந்திருக்கிறவனா அவன்? தட்டை அப்படியே தள்ளி வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கிண்டிக் கிண்டிக் கேட்டு வாங்கினேன். அப்புறம் போனை எடுத்து, கெரிஷாவைக் கூப்பிடுடா, வந்து நின்றுவிட்டுப் போகட்டும் என்றேன். என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “கூப்பிட்டா வந்துடுவா அத்தை. அதுதான் எனக்குப் பயம்” என்றான். நடுவில் இத்தனை நாள் வார்டுக்கு வராவிட்டால் இந்த வருஷப் படிப்பே போய்விடும், இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீ அவனிடம் சொல்லியிருந்தாயாமே. “அவ படிப்பு முடியட்டும். என் விஷயத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க வாயைத் திறந்தீங்கன்னா உங்களோட பேசவே மாட்டேன்” என்றான். அவன் பேசாமல் போனால் இந்த வீட்டில் எனக்குச் சண்டை போட யார் இருக்கிறார்கள்? சத்தியம் செய்து கொடுத்தேன்.

பெர்மிட் முடிந்த அன்றைக்கே கொத்துக் கரண்டியையும் மட்டப் பலகையையும் துடைத்து எண்ணெய் தடவி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டான். பிண்டர் முதலாளி வீடு தேடி வந்தார். கடற்கரை ஓரம் பங்களா பாதியில் நிற்கிறது, இவனை மாதிரி கல் வைக்கிறவன் தீவிலேயே கிடையாது, பின்பக்கமாக வந்து வேலை செய், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். இவன் சிரித்துக்கொண்டே, “யாரும் பார்க்கலேன்னாலும் நான் பார்ப்பேனே, சார். நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லணுமில்ல” என்று அனுப்பிவிட்டான். வெர்லீன் சித்திக்கு இது போதாதா? தெருவில் நின்று, “ஹெய்ட்டிக்காரனைக் கட்டிக்கிட்டா இப்படித்தான், பொண்ணு வெளியூர்ல படிக்குது, புருஷன் மாமியார் வீட்ல குந்திச் சாப்பிடுறான்” என்றாள். என் மகன் ஒருவன் இருந்து வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியிருந்தால் அவளை இந்தச் சட்டமும் இப்படிப் படுத்தாது, இந்த வாயும் இப்படி நீளாது. நான் வாசலுக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னேன், “அவன் குந்தியிருக்கிறது என் வீட்ல, உனக்கு ஏண்டி வலிக்குது?” என்று. புதுப் பல்லை மூடிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினாள். இன்னொரு கூத்தும் கேள். பக்கத்து வீட்டு ஹெசக்காயா தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் என்று கூப்பிட்டார், காசில்லாமல்தான், உதவிக்குத்தான். அதற்கும் இவன் மாட்டேன் என்றான், வேலை வேலைதான் என்று. ஆனால் மனசு கேட்காமல் போய், இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, “அதை இல்ல மாமா, அதுக்குக் கீழே, இடது பக்கம் திருப்புங்க, ஐயோ அது வலது பக்கம்” என்று வாயாலேயே அந்தப் பம்பை ஓட வைத்துவிட்டு வந்தான். ஹெசக்காயா பாதி நனைந்து போய், எனக்கு இவன் கற்றுக்கொடுத்ததற்கு இவனே செய்திருக்கலாம் என்று என்னிடம் வந்து புலம்பினார்.

அப்புறம் ஒருநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், குடியேற்ற ஆபீசிலிருந்து ஒரு அம்மா ஜீப்பில் வந்து இறங்கினாள். மிஸஸ் நாட்டேஜ் என்று பெயர். உங்கள் கல்யாணம் உண்மைக் கல்யாணமா, காகிதத்துக்கு மட்டும் கல்யாணமா என்று வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள். நான் பட்டாணிச் சோறு தாளித்துக்கொண்டிருந்தேன், கையில் கரண்டியோடு அப்படியே அவள் பின்னால் ஓடினேன். அவள் உன் அறையைப் பார்த்தாள், சுவரில் கல்யாணப் படத்தைப் பார்த்தாள், மனைவி ஜமைக்காவில், நீ மட்டும் இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டாள். இவன், “அவ படிக்கப் போயிருக்கா, வீடு இங்கதானே மேடம் இருக்கு” என்றான். அவள் முகத்தில் நம்பின மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்று, பேச்சுக்காக, கூரை எல்லாம் நன்றாகச் சுத்தமாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “சுத்தமா இல்லாம என்ன? காய் காய்ச்சுத் தொங்கின சப்போட்டாக் கிளையை என்னைக் கேக்காம வெட்டித் தள்ளிட்டானே! நான் சபைக்குப் போய்ட்டு வரதுக்குள்ள!” என்றேன். அதிகாரி நிற்கிறாள் என்று அவனாவது பேசாமல் இருக்கலாம் இல்லையா? “புயல் வந்தா அந்தக் கிளை கூரையைப் பிச்சுக்கிட்டு உள்ள வரும் அத்தை. போன வருஷம் மழையில ராத்திரி பூரா மேல ஏறி ஆணி அடிச்சது யாரு, நீங்களா?” என்றான். “உன் மாமனார் கையால நட்ட மரம்டா அது!” என்றேன். “மாமனார் இருந்திருந்தா அவரே வெட்டியிருப்பாரு!” என்றான். “வரட்டும் கெரிஷா, அவகிட்ட சொல்றேன் பாரு” என்று நான் கத்தினேன். உடனே அவன் என்ன சொன்னான் தெரியுமா? “அவகிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டினேன். அம்மா சபைக்குப் போற நேரமா பார்த்து வெட்டிடுன்னு சொன்னதே அவதான்!”

ஆக, நீயும் கூட்டு. அதை நீ வந்த பிறகு தனியாகப் பேசிக்கொள்வோம். நான் கரண்டியை அவன் பக்கம் ஓங்கினேன். மிஸஸ் நாட்டேஜ் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் மாமியாரும் நானும் அச்சு அசல் இப்படித்தான்” என்றாள். உட்காரவைத்துச் சோறு போட்டேன், வில்னேர் போடுகிற அந்தக் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் கிளம்பும்போது முகம் மாறிவிட்டது. “நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்பினா மட்டும் போதாது. மனைவி நேர்ல வரணும்ங்கறது விதி. இல்லேன்னா இவர் நாட்டைவிட்டுப் போய் அங்கிருந்து மனு போடணும்” என்றாள். அவன் அவளைத் திட்டவில்லை, என்னைப் போல அழவுமில்லை. ஜீப் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தான். எங்கேடா என்றேன். ஹெய்ட்டிக்கே போய், போர்தெபேயில் என் அம்மா வீட்டில் இருக்கிறேன், படிப்பை முடித்துவிட்டு அவள் கூப்பிடட்டும் என்றான். அங்கே இப்போது இருக்கிற நிலைமை உனக்குத் தெரியும், சாலையில் பஸ் ஓடுவதே நிச்சயமில்லை. கெரிஷா, நான் உன் அப்பாவோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், நல்ல மனுஷன்தான் அவர், ஆனால் எனக்காக ஒரு நாள் மீன்பிடியை விட்டுக்கொடுத்திருப்பாரா என்றால் தெரியாது. இவன் உன் படிப்புக்காக ஊரையே விட்டுப் போகச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான், அதுவும் உன்னிடம் சொல்லாமல்.

போகிறதென்றாலும் பெரிய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ என்று நான் பிடிவாதம் பிடித்து அவனோடு நசாவுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே போனதும், அத்தை, நீங்க உட்காருங்க, நானே பேசறேன் என்றுவிட்டான். அந்த அதிகாரி நல்ல உயரம், கொஞ்சம் சிடுசிடுப்பு. இரண்டு வாரம் மனைவியை வரவழைப்பதில் உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். வில்னேர் கையைக் கட்டிக்கொள்ளாமல், குரலை உயர்த்தாமல், நின்று பேசினான். “சார், அவ அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. எங்க தீவுல பார்க்க ஆள் இல்ல. இங்க கொண்டு வர்ற வழியில, போட்லயே போய்ட்டாரு. அதுக்காகத்தான் அவ இதைப் படிக்கிறா. அவ படிச்சு வந்தா அடுத்த ஆளு போட்ல சாகவேண்டாம். நான் போனா தீவுக்கு ஒரு கொத்தனார் குறைவான், வேற ஆள் கிடைப்பான். அவளைக் கூப்பிடச் சொல்லாதீங்க, என்னைப் போகச் சொல்லுங்க, போறேன்.” அவனுக்கு உன் அப்பாவைத் தெரியாது, முகம்கூடப் பார்த்ததில்லை. எனக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. அப்போது பின்னால் மேஜையிலிருந்து மிஸஸ் நாட்டேஜ் எழுந்து வந்தாள். “சார், அந்த வீட்டுக்கு நான் போயிருக்கேன். சந்தேகப்பட ஒண்ணுமில்ல. மனைவி கிங்ஸ்டன்ல நம்ம தூதரகத்துல நேர்ல போய்ச் சத்தியம் பண்ணிக் கொடுத்தா, நம்ம முன்னாடி நின்ன மாதிரிதானே?” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்து, யாருக்கோ போன் போட்டு, நெடுநேரம் பேசினார். கடைசியில் சரி என்றார். உன் சத்தியம் வரும்வரைக்கும், வந்த பிறகு நீ படித்துத் திரும்பும்வரைக்கும், இவன் இங்கேயே இருக்கலாம், வேலையும் செய்யலாம். நீ வந்ததும் இரண்டு பேரும் போய் நிற்கவேண்டும். வெளியே வந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்து, “பசிக்குது அத்தை” என்றான். நங்கு மீன் வறுவல் வாங்கி, படகுத்துறையில் உட்கார்ந்து தின்றோம்.

அதனால் நீ செய்யவேண்டியது இதுதான். வகுப்பில்லாத நாளாகப் பார்த்து, பாஸ்போர்ட்டும் கல்யாணச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போ, தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்யும்போது தூதரகத்தைப் பற்றி ஏதோ சின்ன வேலை மாதிரி சொல்வான், அப்போது உனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. அவனே ஒருநாள் சொல்லட்டும், அதைக் கேட்கிற சுகம் உனக்கு வேண்டும். அழுதுவிட்டுப் படிப்பைக் கோட்டைவிடாதே.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீயும் பார்த்திருப்பாய், என்னிடம் சொன்னதில்லை. பெர்மிட் பையில் இருந்த நாளிலும் அவன் ரொட்டிக் கடைக்குப் போலீஸ் நிலையம் இருக்கிற தெருவழியாகப் போனதே கிடையாது, கடற்கரை மணலில் இறங்கிச் சுற்றித்தான் போவான். நேற்று இரண்டு பேரும் ரொட்டி வாங்கக் கிளம்பினோம். வழக்கப்படி நான் மணல் பக்கம் திரும்பினேன். அவன் நின்று, “வெயில்ல மணல் சுடும், ரோட்டுலயே போலாம் அத்தை” என்றான். நிலையத்து வாசலில் நின்ற காவலர் கையைத் தூக்கினார், இவனும் கையைத் தூக்கி, என்ன சார் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நடந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், தடுக்கி விழுவேனோ என்று பயந்தது போல.

ஆண்டவர் உன்னையும் அவனையும் ஒரே கூரையின் கீழ் சீக்கிரம் சேர்த்து வைப்பாராக. குடை இல்லாமல் வெளியே போகாதே.

உன் மேல் கோபமும் பெருமையும் சரிபாதியாக உள்ள அம்மா,
ஈனா கல்மர்