அம்மா ஊட்டின கரி

17.06.1991, திங்கள் இரவு

தங்கச்சி அடுப்புக்கரி தின்னுறதை நிற்பாட்ட ஆஸ்பத்திரியிலை ஒரு வழி சொல்லித் தந்தவை. கை கரிக்குப் போனால் ஏசாமல் விலக்கி, பனங்கட்டித் துண்டொண்டு குடுத்துப் பாராட்டவேணும். இரண்டு மாதமாய் நானும் அம்மாவும் அப்பிடித்தான் செய்யிறம் எண்டு நம்பியிருந்தன்.

இண்டைக்குப் படிப்பிச்சுப்போட்டுப் பள்ளிக்கூடத்தாலை நேரத்தோடை வந்தன். அடுப்படியிலை அம்மா தன்ரை கையாலையே அவளுக்குக் கரி ஊட்டிக்கொண்டிருந்தா.

"என்னம்மா செய்யிறியள்?"

"ஆமியின்ரை ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்குப் பயந்து குழறி அழுறாள், பிள்ளை. இதைக் குடுத்தால்தான் அடங்கிறாள்."

"எத்தினை நாளாய்?"

"நீ பள்ளிக்கூடம் போற நாளெல்லாம்."

தங்கச்சி கறுத்த பல்லோடை என்னைப் பார்த்துச் சிரிச்சாள்.

அம்மா எனக்குப் போட்டு வைச்ச சோறு அப்பிடியே கிடக்கு. நாளைக்கும் பள்ளிக்கூடம். தங்கச்சியை அம்மாவிட்டைத்தான் விட்டிட்டுப் போகவேணும்.