டிக்கெட் பெட்டியில் இரண்டு நிறம்

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் விளையாடப் போயிருக்கிறார்கள்.

உன் பார்சல் திங்கட்கிழமை வந்தது. குழந்தையின் போட்டோவை அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். மூக்கு நம்ம வீட்டு மூக்கு என்கிறார். மாத்திரை பாட்டில் இரண்டையும் அவர் பார்ப்பதற்குள் எடுத்து ஒளித்துவிட்டேன். இனி அந்த மாத்திரையை அனுப்பாதே.

அப்பாவுக்குக் கால் வீக்கம் என்று போன மாதம் சொன்னேன். அது பாதிதான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அந்த அறைக்கு அப்பா 'டெப்போ' என்று பேர் வைத்திருக்கிறார், கண்டக்டர் புத்தி இன்னும் போகவில்லை. படுத்ததும் நர்ஸிடம், "டெர்மினஸ் வந்தா எழுப்பும்மா" என்பார். அந்தப் பெண்ணும் விடுவதில்லை. "புட்போர்டுல தொங்காம உள்ள தள்ளிப் படுங்க பெரியவரே" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன் போலிருக்கிறது.

எப்படி வந்தது என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ வந்தபோது அப்பா முட்டி வலியில் மாடிப்படியின் நடுவில் நின்றுவிட்டார், ஞாபகம் இருக்கும். நீ திரும்பிப் போய் முதல் பாட்டிலை அனுப்பினாய், ஆரஞ்சு மாத்திரை. இங்கே டாக்டர் ஏற்கெனவே ஒரு வெள்ளை மாத்திரை எழுதியிருந்தார், ஐந்து நாளைக்கு மட்டும். ஐந்து நாள் கழித்து வலி திரும்பி வந்தது. மருந்துக்கடைக்காரர் அந்தப் பழைய சீட்டைப் பார்த்தே மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லி என்ன, போய் வாங்கியது நான்தான்.

அப்பாவின் பழைய டிக்கெட் பெட்டி உனக்குத் தெரியும், தடுப்பு வைத்த தகரப் பெட்டி. ரிட்டயர் ஆன பிறகும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாரே, அதுதான். மாத்திரைகளை அதில் போட்டு வைக்கச் சொன்னார். பாட்டிலையும் அட்டையையும் பிரித்து, நிறத்துக்கு ஒரு தடுப்பாக நான்தான் அடுக்கினேன். வெள்ளை முட்டிக்கு, ஆரஞ்சு இடுப்புக்கு, சின்ன ரோஸ் பிரஷருக்கு. "நெறம் வேறன்னா ஸ்டேஜ் வேற" என்று அவர் சொன்னார். முப்பத்தோரு வருஷம் நிறம் பார்த்து டிக்கெட் கிழித்தவர் அப்படித்தான் சொல்வார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அட்டையையும் உள்ளே இருந்த காகிதத்தையும் குப்பையில் போட்டேன். ஒரு நாளைக்கு வெள்ளையில் மூன்று, ஆரஞ்சில் மூன்று, இப்படிப் பத்து மாதம். ஆரஞ்சை விழுங்கும்போது மட்டும், "பய நம்மள மறக்கல" என்பார்.

ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். பெட்டியையும், வீட்டில் பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரு அட்டையையும் பாட்டிலையும் எடுத்துப்போனேன். அதே நர்ஸ் அட்டையையும் பாட்டிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "பேருதான்க்கா வேற. ரெண்டும் ஒரே மருந்து" என்றாள். வயதானவர்கள், அதுவும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் தாங்காதாம். அவர் இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் தேறலாம், தேறாமல் இப்படியே ஆயுசுக்கும் போகலாம்.

நான் வேதியியல் படித்தவள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதே என்று வருஷத்துக்கு நூறு முறை பிள்ளைகளிடம் சொல்கிறவள். இந்த அறையில் உள்ள பாட்டில் எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான். இப்போதும் எதிரே வரிசையாக இருக்கின்றன. எனக்கு அழுகை வரவில்லை தம்பி. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, அவ்வளவுதான். சமைக்கிறேன், பஸ் ஏறுகிறேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்பாவிடம் அந்த மாத்திரை அவர் உடம்புக்குச் சேரவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். முட்டி வலி முழுசாகத் திரும்பிவிட்டது. பாரசிட்டமால் மட்டும், அதுவும் கணக்காகக் கொடுக்கச் சொன்னார்கள். அது அவருக்கு எந்த மூலைக்கும் பத்தவில்லை. பெட்டியைத் திறந்து ஆரஞ்சுத் தடுப்பைத் தடவிப் பார்க்கிறார். "பெத்த புள்ள அனுப்புனத எனக்குக் குடுக்க மாட்டேங்கிறே. ஒனக்கு என்னம்மா வயித்தெரிச்சல்?" என்று நேற்றுக் கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சோற்றைப் பிசைந்து வைத்தேன். உன் மாத்திரைதான் காரணம் என்று என் வாயால் அவரிடம் சொல்ல மாட்டேன். உனக்கும் சொல்லாமல் இருந்திருப்பேன். இன்னும் இரண்டு பாட்டில் வந்துவிட்டதே. நீ வாங்கி அனுப்பினாய், நான் அடுக்கிக் கொடுத்தேன். இதற்கு மேல் அதை யோசிக்க என்னிடம் தெம்பில்லை. நீயும் யோசிக்காதே.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு போனில், அந்த மாத்திரை இப்போது அங்கே கடைகளில் வருவதில்லை என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார். லீவு கிடைத்தால் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை வந்து போ. வாசலில் நிற்கும்போது அவர் கண் முதலில் உன் கைக்குத்தான் போகும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். நீ வெறுங்கையோடு வா. வந்து, அவர் முட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்துவிடு.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா