பின்பக்கத்தில் மூன்றாவது வரி

அன்புள்ள எஸ்தர் மதினிக்கு,

ஆண்டவரிடத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே தேயிலைக் கூடையும் இருக்காது, அட்டைக்கடியும் இருக்காது. இங்கே அக்கரப்பத்தனையில் வழக்கம்போல மழை. லயத்து வீட்டுக் கூரை உங்கள் அறையில் இன்னும் ஒழுகுகிறது. அண்ணனும் இன்னும் நாளைக்கு, நாளைக்கு என்றுதான் சொல்கிறார்.

எண்பதாம் வருஷம் பிறந்த அன்று நினைவிருக்கிறதா? ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அந்த வருஷத்துக்கு ஆண்டவரிடம் வைக்கும் பொருத்தனையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்கள். நீங்கள் மட்டும் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினீர்கள்.

"பின்னால என்ன மதினி எழுதுறீங்க?"

"என்னென்ன குறுக்க வரும்னு எழுதுறேன். கோபுரம் கட்டுறவன் மொதல்ல உக்காந்து யோசிக்கணும்னு அய்யா பிரசங்கத்துல சொன்னாருல்ல? வர்றது இன்னதுன்னு தெரிஞ்சா பேர் சொல்லி ஜெபம் பண்ணலாம்."

"நல்ல நாளும் அதுவுமா கெட்டதையா எழுதுவாங்க?" என்று நான் சிரித்தேன். எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது. நான் வாசிக்கப் பழக வேண்டும் என்று எனக்கும் நீங்களே ஒரு துண்டு எழுதினீர்கள். உங்களுடையது என்னவென்று கேட்டதற்கு, "எம் பொண்ணு ரூபி ஹட்டன் டவுன்ல படிச்சு டீச்சராகணும்" என்றீர்கள். பின்பக்கத்தை மட்டும் காட்டவில்லை. காட்டியிருந்தால்தான் எனக்கு என்ன புரிந்திருக்கும்?

அதன்பிறகு கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம்தான். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஈர மண்ணில் நீங்கள் குச்சியால் எழுத, நான் எழுத்துக் கூட்டுவேன். வரிசையில் நின்ற பெண்கள் கேலி செய்வார்கள். 'ஞ' வரவில்லை என்று ஒருநாள் அழுதே விட்டேன். எவ்வளவு நல்ல நாட்கள் மதினி அவை.

நீங்கள் காய்ச்சலில் போனது போன செப்டம்பரில். அண்ணன் ஒடிந்துபோனார். ரூபிக்குப் பதினாறு வயது. நான்தான் கணக்கப்பிள்ளையிடம் போய், பிள்ளைக்குத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் பதியக் கேட்டேன். வேலையும் ஆயிற்று, நம் கண்ணெதிரிலேயும் இருப்பாள். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. ரூபி பள்ளிக்கூடத்துச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பேர் பதிய அவளுடைய பிறப்புப் பத்திரம் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வேதப் புத்தகத்தில் தேடினேன். அந்தத் துண்டு கீழே விழுந்தது. பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதல் வரி, மழைக்காலத்தில் வராத பஸ். இரண்டாவது, அண்ணனின் குடி. மூன்றாவது: "லில்லி. பிரியத்தில் பேர் பதியச் சொல்லுவாள். அவள் மனம் நோகாமல் மறுக்க எனக்குப் பெலன் தாரும்."

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவளைக் குடியோடு சேர்த்தா எழுதுவீர்கள்? பிறகு உட்கார்ந்து அழுதேன். இதையெல்லாம் வாசிக்க எனக்குக் கற்றுக் கொடுத்ததும் நீங்கள்தானே. என்றைக்காவது வாசிப்பேன் என்று நினைத்தீர்களா?

மறுநாள் கணக்கப்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொன்னேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"அத்த, நெசமாவா?" என்று மட்டும் ரூபி கேட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக முதல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நாளைக்குப் புது வருஷ ஆராதனை. ரூபி டீச்சராகும் வரை அவளைப் படிக்க அனுப்புவேன். இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நான் கொடுக்கும் வாக்கு. இந்தக் கடிதத்தில் பிழைகளை அவள்தான் திருத்தினாள். ஆனால் நாளைக்கு வைக்கப்போகும் துண்டை நானே எழுதினேன், அவளிடம் காட்டவில்லை. பின்பக்கத்தில் முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
ரூபியின் அத்தை,
லில்லி