அம்மாவைப் பற்றிக் கேட்காதவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? நான் சௌக்கியம்.

ஒரு விஷயம், பதறாமல் படி. பிள்ளைகள் பயமில்லாமல் படிக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பழக்குவதுதான் எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சியை நேற்று எங்களுக்குள்ளேயே நடத்திப் பார்த்தோம். பக்கத்தில் இருப்பவரைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கு எழுதும் அக்கா என்னைக் காட்டி, "பாவம், அம்மா இல்லாத பொண்ணு. ஆனா வெளிய காட்டிக்கவே மாட்டா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ, எங்கம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்கக்கா!"

"அப்ப, வேலைக்கு வந்த அன்னிக்கு அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டதுக்கு ஏன்டி அப்படி அழுத?"

யாருடைய காயத்தையும் கிளறக் கூடாதென்று ஊருக்கே சொல்லித்தருகிறவர்கள். அதனால் இரண்டு வருஷமாக ஒருவரும் உன்னைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். அன்றைக்குக் கண்ணில் தூசி விழுந்திருக்கும், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

உன் புதுப் போட்டோ ஒன்று அனுப்பு, மேசையில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு. போனை எல்லோர் நடுவிலும் வைக்கிறேன். வழக்கம்போல என்னைத் திட்டு, கொஞ்சம் சத்தமாகவே.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்